நூர்ஜஹான் வீட்டார் எப்படி மேலே வந்தார்கள்?

கேள்வி இது: “நூர்ஜஹானை ஜஹாங்கீர் மணந்துகொண்டதால்தான் அவருடைய அப்பாவும் அண்ணனும் முகலாய அரசவையில் உச்சத்துக்குப் போனார்களா? இல்லை, அதற்கு முன்பே அவர்கள் பெரிய இடமா?”

சுருக்கமாகச் சொன்னால், முன்பே ஓரளவு நல்ல நிலையில்தான் இருந்தார்கள். நடுவில் ஒருமுறை மிக மோசமாகக் கீழே விழுந்தார்கள். 1611-ல் நடந்த கல்யாணம் அவர்களைத் தூக்கி நிறுத்தியது. ஆனால் கல்யாணம் மட்டும் போதும் என்றால் ஜஹாங்கீருக்குப் பெண் கொடுத்த வீடுகள் ஏராளம். ராஜபுத்திர ராஜாக்களே கொடுத்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் எதுவும் இந்த அளவுக்கு அரசாங்கத்தைக் கையில் வைத்திருக்கவில்லை. இந்த வீட்டில் மட்டும் என்ன விசேஷம் என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

அதற்கு முன்னால் முகலாய அரசாங்கத்தில் ‘பிரபு குடும்பம்’ என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். நம்மூர் ஜமீன் மாதிரி, அப்பாவுக்குப் பிறகு பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாக வரும் சொத்து அங்கே கிடையாது. ஒவ்வொரு அதிகாரிக்கும் ‘மன்சப்’ என்று ஒரு எண் உண்டு. 500, 1000, 5000 என்று போகும். அது இரண்டு பகுதியாக இருக்கும். முதல் எண் ஆளின் அந்தஸ்தையும் சம்பளத்தையும் சொல்லும். இரண்டாவது எண் அவர் எத்தனை குதிரைவீரர்களை வைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும். சம்பளத்தைப் பெரும்பாலும் ரொக்கமாகத் தர மாட்டார்கள். இன்ன ஊர்களின் வரியை வசூலித்துக்கொள் என்று ‘ஜாகீர்’ எழுதித் தருவார்கள். அதையும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள், யாரும் ஒரே இடத்தில் வேர் விடக்கூடாது என்பதற்காக. ஆள் இறந்தால் மன்சபும் போயிற்று, ஜாகீரும் போயிற்று. வீட்டில் இருக்கும் பொருளைக்கூட அரசாங்கம் கணக்குப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு எவ்வளவு விடுவது என்பது பாதுஷா மனம் வைப்பதைப் பொறுத்தது.

ஆக, ஒரு குடும்பம் இரண்டாம் தலைமுறையிலும் பெரிய குடும்பமாக இருக்க வேண்டுமானால் நிலத்தை நம்பிப் பயனில்லை. பாதுஷாவின் பக்கத்தில் யாராவது இருந்துகொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகள் உத்தியோகத்தில் பக்கத்தில் இருக்கலாம், ஆனால் தூர மாகாணத்துக்கு மாற்றல் வந்துவிடும். பெண்களுக்கு மாற்றல் கிடையாது. இந்தக் குடும்பத்தின் கதையை இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தால் நிறைய விளங்கும்.

சரி, ஆரம்பத்துக்கு வருவோம்.

மிர்ஸா கியாஸ் பேக் தெஹ்ரான் காரர். அவருடைய அப்பா குவாஜா முஹம்மது ஷரீஃப், பாரசீக மன்னர் ஷா தஹ்மாஸ்ப் காலத்தில் பெரிய உத்தியோகங்கள் பார்த்தவர். குராசான் ஆளுநரிடம் வசீர் (அமைச்சர்), பிறகு யஸ்தில், பிறகு இஸ்ஃபஹானில். அதாவது கணக்கும் கடிதமும் தெரிந்த எழுத்தர் வம்சம், வாள் பிடித்த வம்சம் இல்லை. அப்பா இறந்ததும் வீட்டின் நிலைமை சரிந்தது. 1577 வாக்கில் கியாஸ் பேக், கர்ப்பமாக இருந்த மனைவி அஸ்மத் பேகத்தையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கிளம்பினார். வழியில் கொள்ளைக்காரர்கள் மறித்துச் சாமான்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். காந்தஹாரில் பெண் குழந்தை பிறந்தது. மெஹருன்னிசா என்று பெயர் வைத்தார்கள். பிற்கால நூர்ஜஹான் இந்தக் குழந்தைதான்.

குழந்தையை மரத்தடியில் விட்டுவிட்டுப் போனார்கள், பாம்பு படமெடுத்து நிழல் கொடுத்தது என்றெல்லாம் ஒரு கதை உலவுகிறதே, அது பிற்காலத்துச் சரக்கு. ஒருவர் பெரிய ஆளாகிவிட்டால் பாம்பு எங்கிருந்தாவது வந்துவிடும். நடந்ததாக நம்பக்கூடியது இதைவிட எளிமையானது. அந்தப் பயணக் கூட்டத்துக்குத் தலைவராக இருந்த வியாபாரி மாலிக் மசூதுக்கு அக்பரின் அரசவையில் அறிமுகம் இருந்தது. அவர் இந்தக் குடும்பத்துக்கு உதவி, ஃபதேபூர் சிக்ரியில் கியாஸ் பேக்கை அக்பர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

அக்பருக்கு அப்போது இந்த மாதிரி ஆட்கள் தேவைப்பட்டார்கள். அரசாங்கம் பாரசீக மொழியில் நடந்தது. கணக்கு, கடிதம், ஆணை எல்லாமே பாரசீகத்தில்தான். தாய்மொழியாகவே அது தெரிந்த, நிர்வாகம் பார்த்த வீட்டுப் பிள்ளை வாசலில் வந்து நின்றால் யார் விடுவார்கள்? அந்தக் காலத்தில் ஈரானிலிருந்து இப்படி வந்தவர்கள் ஏராளம். முன்னால் வந்தவர் பின்னால் வருபவரைக் கைதூக்கி விடுவார். நம்மவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போனது போலத்தான்.

ஆனால் உயர்வு மெதுவாகத்தான் வந்தது. வந்து ஏறக்குறைய 18 வருடம் கழித்து, 1595-ல் அவருடைய மன்சப் வெறும் 300. அப்போது காபூலின் திவான், அதாவது அந்த மாகாணத்தின் வரவு செலவு முழுவதற்கும் பொறுப்பாளர். பிறகு 1000 ஆகி, அரசரின் பட்டறைகளையும் கிடங்குகளையும் கவனிக்கும் திவான் ஆனார். 1605-ல் அக்பர் இறந்து ஜஹாங்கீர் பட்டத்துக்கு வந்ததும் ‘இத்மாத்-உத்-தௌலா’ என்ற பட்டம் கிடைத்தது. அரசின் நம்பிக்கைக்கு உரியவர் என்று பொருள். மன்சப் 1500, பேரரசின் நிதி நிர்வாகத்தில் பங்கு. கவனியுங்கள்: மகள் இன்னும் வேறொருவரின் மனைவியாக வங்காளத்தில் இருக்கிறாள்.

1607 ஏப்ரலில் இன்னொன்று நடந்தது. ஜஹாங்கீரின் மகன் குர்ரமுக்கு (பிற்கால ஷாஜஹான்) கியாஸ் பேக்கின் பேத்தி அர்ஜுமந்த் பானுவை (பிற்கால மும்தாஜ்) நிச்சயம் செய்தார்கள். நூர்ஜஹானின் அண்ணன் அபுல் ஹசனின் மகள் இவள். நூர்ஜஹான் அரண்மனைக்குள் காலடி வைப்பதற்கு முன்பே அரச குடும்பத்தோடு சம்பந்தம் பேசியாயிற்று. கல்யாணத்தால்தான் எல்லாம் என்ற வாதம் இங்கேயே இடறுகிறது.

அப்புறம் அதே 1607-ல் எல்லாமே கவிழ்ந்தது. ஜஹாங்கீரின் மூத்த மகன் குஸ்ரூ ஏற்கெனவே கலகம் செய்து சிறைப்பட்டிருந்தார். அவரை விடுவித்து ஜஹாங்கீரைக் கொல்ல ஒரு சதி நடப்பதாகத் தெரிய வந்தது. சதியில் இருந்தவர்களில் ஒருவர் கியாஸ் பேக்கின் மகன் முஹம்மது ஷரீஃப். அவருக்கு மரண தண்டனை. கியாஸ் பேக் மீதே கையாடல் குற்றச்சாட்டு வந்து, காவலில் வைக்கப்பட்டு, இரண்டு லட்சம் ரூபாய் கட்டித்தான் வெளியே வந்தார். போதாததற்கு வங்காளத்தில் மருமகனும் இறந்தார். ஷெர் அஃப்கன் என்ற பட்டம் பெற்றிருந்த அலி குலி, பர்த்வானில் ஜாகீர் வைத்திருந்தவர். அவர் மீது சந்தேகப்பட்டு விசாரிக்கப் போன வங்காள ஆளுநர் குத்புதீன் கான் கோகா, ஜஹாங்கீரின் பால் சகோதரர், அதாவது ஒரே பெண்ணிடம் பால் குடித்து வளர்ந்தவர். அவரை ஷெர் அஃப்கன் குத்திக் கொன்றார். ஆளுநரின் ஆட்கள் ஷெர் அஃப்கனை அங்கேயே வெட்டிப் போட்டார்கள்.

ஒரே வருடத்தில் மகன் ராஜதுரோகி, தகப்பன் கைதி, மருமகன் பாதுஷாவின் பால் சகோதரரைக் கொன்றவன். வேறு குடும்பமாக இருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். விதவையான மெஹருன்னிசாவையும் அவளுடைய மகள் லாட்லியையும் ஆக்ராவுக்கு அழைத்து வந்து அரண்மனைப் பெண்கள் பகுதியில் அக்பரின் மனைவி ருகையா பேகத்துக்குத் துணையாக வைத்தார்கள். நான்கு வருடம் அப்படியே கழிந்தது.

ஜஹாங்கீர் அவளை அடைவதற்காகத்தான் ஷெர் அஃப்கனைக் கொல்லச் செய்தார் என்ற கதையை நான் நம்புவதில்லை. அந்த அளவுக்கு ஆசைப்பட்டவர் எதற்கு நான்கு வருடம் சும்மா இருந்தார்? 1611 வசந்தத்தில், பாரசீகப் புத்தாண்டான நவ்ரோஸ் கொண்டாட்டச் சமயம் அவளைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். மே 25-ல் கல்யாணம். அவளுக்கு வயது 34. அன்றைய கணக்கில் இளம்பெண் இல்லை, பத்துப் பதினைந்து வயதில் மகள் இருக்க வேண்டிய வயது. வேடிக்கை என்னவென்றால், பார்த்த பறவை, வேட்டையாடிய மான், தின்ற மாம்பழம் என்று எதையும் விடாமல் எழுதி வைத்த ஜஹாங்கீர், இந்தக் கல்யாணத்தைப் பற்றி அந்த வருடக் குறிப்பில் ஒரு வரி எழுதவில்லை. அவள் பெயர் வருவது 1614-ல். அஜ்மீரில் தனக்கு உடம்பு சரியில்லாமல் போனதை எல்லோரிடமும் மறைத்து நூர்ஜஹானிடம் மட்டும் சொன்னதாக எழுதுகிறார். அந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது. பாதுஷாவுக்கு உடம்பு சரியில்லை என்பது அந்த அரசாங்கத்தில் ராணுவ ரகசியத்துக்குச் சமம். அது வெளியே கசிந்தால் இளவரசர்கள் ஆளுக்கொரு பக்கம் படை திரட்டத் தொடங்கிவிடுவார்கள்.

மறு வருடம், 1612-ல், ஐந்து வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்த அர்ஜுமந்த்–குர்ரம் கல்யாணமும் நடந்து முடிந்தது. அத்தையே மாமியாராகவும் ஆனார். அத்தை வீட்டுக்கு மருமகளாகப் போவது நமக்குப் பழகிய சங்கதிதான், ஆனால் இங்கே அத்தை மாற்றாந்தாய் மாமியார், மாப்பிள்ளை சிம்மாசனத்துக்கு முன்வரிசையில் நிற்பவர்.

இதற்குப் பிறகு எண்கள் பாய்ச்சலாக ஏறின. தகப்பனாரின் மன்சப் 1619-ல் 7000/7000. அரச குடும்பத்துக்கு வெளியே இருப்பவருக்கு இது அபூர்வம். கொடி, முரசு மரியாதையும் உண்டு. அந்தப்புரப் பெண்கள் அவர் முன் முகத்திரை போட வேண்டியதில்லை என்று ஜஹாங்கீர் உத்தரவே போட்டார். அண்ணன் அபுல் ஹசனுக்கு முதலில் இத்திகாத் கான், 1614-ல் ஆசஃப் கான் என்ற பட்டம். அந்தப் பெயரால்தான் வரலாற்றில் நிற்கிறார். இன்னொரு சகோதரர் இப்ராஹிம் கான் பிஹாருக்கு ஆளுநராகப் போய், சோட்டா நாக்பூர் பக்கம் வைரம் கிடைக்கும் கோக்ரா பகுதியைப் பிடித்துக் கொடுத்தார். பிறகு வங்காளம் அவர் கைக்கு வந்தது. சகோதரி மனீஜாவின் கணவர் காசிம் கான் பின்னாளில் வங்காள ஆளுநராகி, 1632-ல் ஹூக்ளியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்தார். நூர்ஜஹானின் செவிலித்தாய் திலாராம்கூட, பெண்களுக்கு மானிய நிலம் வழங்கும் பொறுப்புக்கு வந்துவிட்டார்.

இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பேனி பிரசாத் என்ற வரலாற்றாசிரியர், நூர்ஜஹான், அப்பா, அண்ணன், குர்ரம் ஆகிய நால்வரும் சேர்ந்து ஒரு கும்பலாகப் பேரரசையே நடத்தினார்கள் என்று எழுதினார். பள்ளிப் பாடப்புத்தகங்களிலும் அது ஏறிவிட்டது. இன்னொரு வரலாற்றாசிரியரான நூருல் ஹசன் இதை மறுத்தார். இந்தக் குடும்பம் அதற்கு முன்பே பதவியில் இருந்தது, அதே காலத்தில் இவர்களோடு சம்பந்தமில்லாதவர்களும் உயர்ந்தார்கள், நால்வரும் எப்போதும் ஒரே நோக்கில் இயங்கினார்கள் என்பதற்கு ஆதாரமில்லை என்பது அவர் வாதம். எனக்கு நூருல் ஹசன் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. கும்பல் என்றால் ஒரு திட்டம் இருக்க வேண்டும். இவர்களிடம் இருந்தது கூட்டுக் குடும்பத்தின் இயல்பான ஒத்தாசை. அதுவும் ஒத்துப்போகும் வரையில்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

கியாஸ் பேக்கின் குணத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எழுத்து அவ்வளவு அழகாக இருக்குமாம், ‘ஷிகஸ்தா’ என்ற வேகமான பாரசீகக் கையெழுத்தில் தேர்ந்தவர். யாரிடமும் கடிந்து பேச மாட்டார். அவர் வீட்டில் சாட்டை, சங்கிலி, வசவு எதுவும் கிடையாது என்று அந்தக் காலத்தவர்கள் புகழ்கிறார்கள். அதே மூச்சில், லஞ்சம் வாங்குவதில் மட்டும் துணிச்சல்காரர் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல மனுஷன், கை நீளம். இந்த மாதிரி அதிகாரியை நாம் எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்திருப்போம்.

அம்மா அஸ்மத் பேகம் பெரும்பாலும் கதையில் காணாமல் போய்விடுகிறார். ஆனால் ஜஹாங்கீரே அவரைப் பற்றி ரசித்து எழுதிய ஒரு இடம் உண்டு. அவர் ரோஜாப் பன்னீர் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, சூடான பன்னீரைக் கூஜாவிலிருந்து தட்டில் ஊற்றியதும் மேலே லேசாக ஒரு ஆடை படிவதைக் கவனித்தார். வேறொருவர் என்றால் அதை வழித்து எறிந்திருப்பார். இவர் கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சேர்த்து வைத்தார். பன்னீர் நிறைய இருந்தால் கொஞ்சம் தேறும். அதில் ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்தால் ஒரு சபை முழுவதும் மணக்கும், எத்தனையோ ரோஜா மொட்டுகள் ஒரே நேரத்தில் அவிழ்ந்தது போல இருக்கும் என்கிறார் ஜஹாங்கீர். அக்பரின் மனைவி சலீமா சுல்தான் பேகம் அதற்கு ‘ஜஹாங்கீரி அத்தர்’ என்று பெயர் வைத்தார். மாமியாருக்கு முத்துமாலை பரிசு. ரோஜா அத்தரை முதலில் கண்டுபிடித்தது அவர்தானா என்று சண்டை போடலாம். எனக்கு அதில் பிடித்தது வேறு: பாதுஷாவும், முந்தைய பாதுஷாவின் மனைவியும், மாமியாரும் ஒரு தட்டுப் பன்னீரைச் சுற்றி உட்கார்ந்து முகர்ந்து பார்க்கிறார்கள். மன்சப் எண்ணை வைத்து அளக்க முடியாத நெருக்கம் இது. அந்த நெருக்கம்தான் இந்த வீட்டின் மூலதனம்.

நூர்ஜஹானின் சொந்த அதிகாரம் பற்றி நிறையப் பேர் எழுதியிருப்பதால் வேகமாகக் கடக்கிறேன். அவர் பெயரில் ஆணைகள் போயின. ‘ஷா ஜஹாங்கீரின் ஆணையால், பாதுஷா பேகம் நூர்ஜஹானின் பெயர் ஏறியதால் பொன் நூறு மடங்கு அழகு பெற்றது’ என்ற பொருளில் கவிதை பொறித்த நாணயங்கள் அச்சாயின. கடல் வாணிபம் செய்தார், சத்திரங்கள் கட்டினார். 1617-ல் யானை மேல் இருந்தபடி ஆறு குண்டுகளில் நான்கு புலிகளை வீழ்த்தினார். இங்கிலாந்துத் தூதர் தாமஸ் ரோ 1615-லிருந்து மூன்று வருடத்துக்கு மேல் இந்த அரசவையில் காத்துக் கிடந்தார். எதைக் கேட்டாலும் ஆசஃப் கானைப் போய்ப் பார், அவருக்குப் பரிசு கொண்டு போ என்றே ஆயிற்று. அந்தப் புலம்பல் அவருடைய குறிப்புகளில் பக்கம் பக்கமாக இருக்கிறது.

1621-ல் அஸ்மத் பேகம் இறந்தார். மூன்று மாதம் கழித்து, 1622 ஜனவரியில், காங்க்ரா பயணத்தின்போது முகாமிலேயே கியாஸ் பேக்கும் போய்ச் சேர்ந்தார். கடைசி நேரத்தில் நினைவு தப்பித் தப்பி வந்துகொண்டிருந்தபோது, நூர்ஜஹான் ஜஹாங்கீரைக் காட்டி, ‘இவரை அடையாளம் தெரிகிறதா?’ என்று அப்பாவிடம் கேட்டார். கிழவர் அந்த நிலையிலும் பாரசீகக் கவிஞர் அன்வாரியின் ஒரு கவிதையைச் சொன்னார்: பிறவிக் குருடன் இங்கே இருந்தாலும் உலகை அலங்கரிக்கும் அந்த நெற்றியில் உள்ள மேன்மையை உணர்ந்துகொள்வான் என்று. சாகும் நேரத்திலும் வாயில் அரசவைப் பேச்சுதான் வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய ஜஹாங்கீர் இதை மிகுந்த வருத்தத்தோடு எழுதி வைத்தார்.

நான் முன்னால் சொன்ன விதி இங்கே முறிகிறது. கியாஸ் பேக்கின் சொத்து கஜானாவுக்குப் போகவில்லை, மகனுக்கும் போகவில்லை. அவருடைய ஜாகீர், பரிவாரம், முரசு மரியாதை எல்லாவற்றையும் ஜஹாங்கீர் நூர்ஜஹானுக்குக் கொடுத்தார். பாதுஷாவின் முரசுக்கு அடுத்தபடி நூர்ஜஹானின் முரசு ஒலிக்க வேண்டும் என்றும் உத்தரவு. ஆசஃப் கான் அப்போது என்ன நினைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பணத்தில் ஒரு பங்கு ஆக்ராவில், யமுனையின் கிழக்குக் கரையில் இத்மாத்-உத்-தௌலாவின் சமாதியாக நிற்கிறது. 1622-லிருந்து 1628 வரை கட்டினார்கள். வெள்ளைப் பளிங்கு முழுக்க வண்ணக் கற்களைப் பதித்து, சைப்ரஸ் மரம், பூச்சாடி, மதுக்குப்பி, கிண்ணம் என்று இழைத்திருக்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் ‘பேபி தாஜ்’ என்பார்கள், அந்தப் பெயர் எனக்குப் பிடிக்காது. தாஜ் மஹாலுக்கு முந்தியது இது, குழந்தை எப்படித் தாய்க்கு முன்னால் பிறக்கும்? உள்ளே போனால் ஒன்றைக் கவனியுங்கள். கட்டடம் கணவர் பெயரில் இருந்தாலும் அறையின் நட்ட நடுவில் இருப்பது அஸ்மத் பேகத்தின் கல்லறை. கியாஸ் பேக் பக்கத்தில் சற்று ஒதுங்கிப் படுத்திருக்கிறார்.

பெரியவர்கள் இருவரும் போனதும் வீடு இரண்டாகப் பிளந்தது. ஆசஃப் கானின் மருமகன் குர்ரம். நூர்ஜஹானுக்கு ஜஹாங்கீர் மூலம் குழந்தை இல்லை. முதல் கணவரின் மகள் லாட்லியை 1621-ல் ஜஹாங்கீரின் கடைசி மகன் ஷஹ்ரியாருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். இப்போது சிம்மாசனத்துக்கு இரண்டு மருமகன்கள். அண்ணனின் மாப்பிள்ளையா, தங்கையின் மாப்பிள்ளையா? பெண் கொடுத்து வளர்ந்த குடும்பத்துக்கு வந்த சிக்கலும் பெண் கொடுத்ததிலேயே வந்தது. 1622-ல் குர்ரம் கலகம் செய்தார். 1624-ல் வங்காளத்தில் அவர் படையை எதிர்த்து நின்று இறந்தவர் இப்ராஹிம் கான், மும்தாஜுக்குச் சொந்தச் சித்தப்பா முறை. ஆசஃப் கான் வெளியே பாதுஷாவின் விசுவாசி, உள்ளே என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்.

1626-ல் ஜீலம் நதிக்கரையில் தளபதி மஹாபத் கான், ராஜபுத்திரப் படையோடு வந்து ஜஹாங்கீரையே பிடித்து வைத்துக்கொண்டார். ஆசஃப் கானும் படையும் அதற்கு முன்பே ஆற்றைத் தாண்டி அக்கரை போயிருந்தார்கள், பாதுஷாவைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டு. நூர்ஜஹான் எப்படியோ அக்கரை சேர்ந்து, எல்லாப் பிரபுக்களையும் கூட்டி, உங்கள் கவனக்குறைவால்தான் இது நடந்தது என்று அண்ணனையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தார். பிறகு யானை மேல் ஏறி ஆற்றுக்குள் இறங்கினார். அம்பாரியில் லாட்லியின் கைக்குழந்தையும் இருந்தது. செவிலியின் கையில் அம்பு தைத்தது. சண்டை தோற்றது. ஆசஃப் கான் அட்டக் கோட்டைக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நூர்ஜஹான் தானாகவே போய்க் கணவரோடு சிறையிருந்து, சில மாதங்களில் தந்திரமாக மஹாபத் கானின் பிடியைத் தளர்த்தி வெளியே வந்தார்.

ஆனால் 1627 அக்டோபர் கடைசியில் ஜஹாங்கீர் இறந்ததும், ஓடிப்போன அண்ணன் எவ்வளவு கெட்டிக்காரர் என்பது தெரிந்தது. குர்ரம் அப்போது தக்காணத்தில், ஜுன்னாரில் இருந்தார். பனாரசி என்ற தூதன் ஆசஃப் கானின் முத்திரை மோதிரத்தோடு சுமார் 20 நாளில் அங்கே போய்ச் சேர்ந்தான். இடைப்பட்ட காலத்தில் சிம்மாசனம் காலியாக இருக்கக்கூடாது என்று குஸ்ரூவின் மகன் தாவர் பக்‌ஷை ஆசஃப் கான் பாதுஷா ஆக்கினார். பலிக்கு நிறுத்திய ஆடு அது. தங்கையைக் காவலில் வைத்தார், அவர் பொறுப்பில் இருந்த தன் பேரன்களை, தாரா, ஷுஜா, ஔரங்கசீப்பை மீட்டுக்கொண்டார். லாகூர் அருகே ஷஹ்ரியாரைத் தோற்கடித்துக் கண்ணைக் குருடாக்கினார்கள். 1628 ஜனவரியில் தாவர் பக்‌ஷ், ஷஹ்ரியார் உட்பட இளவரசர்கள் கொல்லப்பட்டார்கள். குர்ரம் ஷாஜஹான் ஆனார்.

நூர்ஜஹானுக்கு வருடத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் ஓய்வூதியம். 1645-ல் இறக்கும் வரை விதவை மகளோடு லாகூரில் அமைதியாக இருந்தார். அண்ணனுக்கோ 9000/9000 மன்சப், அரசர் வாயால் மாமா என்ற அழைப்பு. மகள் மும்தாஜ் 1631-ல் இறந்த பிறகும் அவர் செல்வாக்கு குறையவில்லை. 1641-ல் ஆசஃப் கான் இறந்தபோது விட்டுச் சென்றது இரண்டரைக் கோடி ரூபாய். அதில் பிள்ளைகளுக்கு என்று ஷாஜஹான் ஒதுக்கியது 20 லட்சம். லாகூர் மாளிகை தாராவுக்கு. மீதி கஜானாவுக்கு. மருமகனே பாதுஷாவாக இருந்தும் விதி விதிதான்.

ஆனாலும் குடும்பம் ஓயவில்லை. ஆசஃப் கானின் மகன் ஷாயிஸ்தா கான், ஔரங்கசீப்பின் தாய்மாமன். 1663-ல் புனேயில் சிவாஜி இரவோடு இரவாக அவர் வீட்டுக்குள்ளேயே புகுந்து தாக்கியதில் விரல்களையும் ஒரு மகனையும் இழந்தவர் இவர்தான். பிறகு வங்காளத்தை இருபது வருடத்துக்கு மேல் ஆண்டு, 1666-ல் சிட்டகாங்கைப் பிடித்தார்.

இந்த வம்சத்தின் ஒரு கிளை நம் பக்கமும் வந்தது. ஆசஃப் கானின் இன்னொரு மகள் பெயரும் மெஹருன்னிசாதான். அவர் ஔரங்கசீப்பின் வசீர் ஆசாத் கானின் மனைவி. அவர்களுடைய மகன் சுல்ஃபிகர் கான் ஷாயிஸ்தா கானின் மகளை மணந்தவர், தாய்மாமன் மகள். செஞ்சிக் கோட்டைக்குள் இருந்த மராட்டிய அரசர் ராஜாராமைப் பிடிக்க 1690-ல் இவரைத்தான் ஔரங்கசீப் அனுப்பினார். கோட்டை விழ 1698 ஆயிற்று, ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று அப்போதே பேச்சு. நடுவில் முற்றுகைக்கு வந்திருந்த இளவரசர் காம்பக்‌ஷ் எதிரியோடு பேசுகிறார் என்று அப்பாவும் மகனுமாக அவரையே கைது செய்துவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். கர்நாடக நவாபுகளின் வரிசை சுல்ஃபிகர் கானில்தான் தொடங்குகிறது. கோட்டை விழுந்த பின் பொறுப்பு பந்தேலா ராஜபுத்திரர் சொரூப் சிங்கிடம் வந்தது. அவர் மகன்தான் 1714-ல் ஆற்காடு நவாபோடு மோதி மாண்ட ராஜா தேசிங்கு. செஞ்சிக்குப் போய் தேசிங்கு கதையைக் கேட்பவர்களில் எத்தனை பேருக்கு, அந்தக் கோட்டையை அவர் அப்பாவுக்குக் கிடைக்கச் செய்தவர் நூர்ஜஹானின் அண்ணன் பேரன் என்று தெரியும்?

1712-ல் ஔரங்கசீப்பின் பேரன் ஜஹாந்தர் ஷாவைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்து வசீர் ஆனார் சுல்ஃபிகர் கான். மறு வருடமே ஜஹாந்தரை எதிர்த்த தம்பி மகன் ஃபரூக்சியர் வென்றார். தப்பியோடலாம் என்று நினைத்த மகனை, பணிந்து போனால் மன்னிப்புக் கிடைக்கும் என்று எண்பதைத் தாண்டிய ஆசாத் கான் தடுத்து, அவரே கையைப் பிடித்துப் புது பாதுஷாவின் கூடாரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே 1713 பிப்ரவரியில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். ஆசாத் கானின் இயற்பெயர் இப்ராஹிம், மகனின் இயற்பெயர் இஸ்மாயில். மகன் இறந்த ஆண்டைக் குறிக்கக் கிழவர் ஒரு பாரசீக வரி எழுதினார் என்பார்கள்: இப்ராஹிம் இஸ்மாயிலைப் பலி கொடுத்தான்.